கிணற்றை வாங்கியவரின் வாளி

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வின் திருப்பெயரால்.



நபி மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னின் நாட்டை விட்டு வெளியேறி, மத்யன் நகரின் நீர்த்துறையை வந்தடைந்த நிகழ்ச்சியைத் திருக்குர்ஆன் அல்கஸஸ் அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறது. நெடுவழி நடந்து களைத்தவர் அவர். தங்க இடமில்லை, அறிந்த முகம் ஒன்றுமில்லை. அந்த நீர்த்துறையில் ஒரு கூட்டம் தம் கால்நடைகளுக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தது. அக்கூட்டத்துக்கு அப்பால் இரண்டு பெண்கள் தம் ஆடுகளைத் தண்ணீரின் பக்கம் போகவிடாமல் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மூஸா (அலை) அவர்கள் அவர்களிடம் சென்று செய்தி என்னவென்று விசாரித்தார்கள். மேய்ப்பர்கள் தம் மந்தைகளை ஓட்டிச் செல்லும் வரை தங்களால் நீர் புகட்ட இயலாது என்றும், தங்கள் தந்தையார் முதுமை அடைந்தவர் என்றும் அப்பெண்கள் கூறினார்கள். அவர்களுக்காகத் தாமே நீர் புகட்டிக் கொடுத்துவிட்டு, நிழலில் ஒதுங்கித் தம் இறைவனிடம் கையேந்தினார்கள் மூஸா (அலை) அவர்கள்.

மதரஸாவில் இவ்வசனங்களை ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறேன். மூஸா (அலை) அவர்களின் பண்பு, அப்பெண்களின் நாணம், பின்னர் நடந்த திருமணம் ஆகியவை பற்றியே பாடத்தில் அதிகம் பேசுவோம். சில ஆண்டுகளாக என் சிந்தனை அந்தக் கிணற்றின் மீதே நிற்கிறது. அங்கே வறட்சி இருந்ததாகக் குறிப்பு ஏதுமில்லை. தண்ணீர் இருந்தது, மந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்துச் சென்றன. அந்த இரு பெண்களும் யாராலும் விரட்டப்படவில்லை. ஆனாலும் அவர்களின் ஆடுகள் தாகத்தோடு நின்றன. வலிமை உடையவர் முதலில், வலிமை அற்றவர் கடைசியில் என்பது அந்த நீர்த்துறையின் எழுதப்படாத சட்டமாக இருந்தது. அங்கிருந்தோர் அனைவரும் அதை இயல்பென ஏற்றிருந்தனர். வழிப்போக்கராக வந்த ஒருவருக்கே அது இயல்பாகத் தோன்றவில்லை.

இன்றைய உலகின் தண்ணீர்ப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பாடத்தை நான் அறியவில்லை.

உலகம் என்னும் நீர்த்துறை

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் இணைந்து வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் 220 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான குடிநீர் வசதி இல்லை. பாதுகாப்பான வசதி என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல்கள் மூன்று: தண்ணீர் வீட்டு வளாகத்திலேயே கிடைக்க வேண்டும், தேவைப்படும் நேரத்தில் கிடைக்க வேண்டும், மாசற்றதாக இருக்க வேண்டும். வீட்டு வளாகத்தில் தண்ணீரே இல்லாதவர்கள் 180 கோடிப் பேர். அத்தகைய வீடுகளில் பத்துக்கு ஏழு வீடுகளில் தண்ணீர் சுமந்து வரும் பொறுப்பு பெண்கள், சிறுமியர் தலையிலேயே விழுகிறது. மத்யனில் ஒதுங்கி நின்ற இருவரும் பெண்களே என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தண்ணீர் இல்லாதவர்களுக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது என்றும் எண்ணிவிட வேண்டாம். ஐக்கிய நாடுகள் சபையின் 2006ஆம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கை முழுக்க முழுக்கத் தண்ணீரைப் பற்றியது. ஜகார்த்தா, மணிலா, நைரோபி போன்ற நகரங்களில் குடிசைப் பகுதி மக்கள் ஒரே அளவு தண்ணீருக்கு, அதே நகரத்தின் வசதி படைத்தோர் கொடுப்பதைப் போல் ஐந்து முதல் பத்து மடங்கு வரை விலை கொடுப்பதாக அது கூறியது. காரணம் எளிது. பணக்காரர் வீட்டுக்குப் பொதுக்குழாய் வருகிறது. பொதுக்குழாயின் கட்டணம் குறைவு. ஏழையின் தெருவுக்குக் குழாய் வருவதில்லை. ஆகவே லாரிக்காரரிடமும் வண்டிக்காரரிடமும் கேன் கணக்கில், குடம் கணக்கில் வாங்குகிறார். கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் விலை ஏறுகிறது. இல்லாதவன் கூடுதலாகக் கொடுக்கும் சந்தை இது.

2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை, தூய குடிநீரும் சுகாதார வசதியும் மனித உரிமை என்று தீர்மானம் நிறைவேற்றியது. 122 நாடுகள் ஆதரித்தன. 41 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. எதிர்த்து வாக்களித்த நாடு எதுவுமில்லை. உரிமை என்று எழுதிவிட்டார்கள். வரிசை மட்டும் பழையபடியே நீடிக்கிறது.

ஒரு மாணவரின் கேள்வி

மாலை நேர மக்தப் வகுப்பில் உளூவின் பாடம் நடத்தும்போது நான் ஒரு சிறு பாத்திரத்தை எடுத்துச் செல்வது வழக்கம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்றும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்தார்கள் என்றும் ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ளது. முத்து என்பது நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு. ஏறத்தாழ முக்கால் லிட்டர் எனலாம். ஹனஃபி மத்ஹபின் கணக்கில் சற்றுக் கூடும்.

சென்ற ஆண்டு மாணவர்களைக் கொண்டே ஒரு சோதனை செய்தோம். ஒரு மாணவர் வழக்கம்போல் குழாயைத் திறந்து உளூச் செய்தார். கீழே வாளி வைத்துப் பிடித்து அளந்தபோது ஏழு லிட்டர் இருந்தது. ஐந்து நேரத்துக்கு முப்பத்தைந்து லிட்டர் என்று பிள்ளைகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். அடுத்தவர் பாத்திரத்தில் அளந்து ஊற்றி உளூவை நிறைவாகச் செய்து காட்டினார். ஐந்து நேரத்துக்கும் நான்கு லிட்டர் கூட வரவில்லை. வீண் விரயம் செய்வோரை அல்லாஹ் நேசிப்பதில்லை என்ற வசனக் கருத்தை விளக்கிப் பாடத்தை முடிக்கவிருந்தேன். அப்போது பத்து வயது மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், நான் மிச்சம் பிடிக்கிற தண்ணீர் யாருக்குப் போய்ச் சேரும்?" என்று கேட்டார்.

அவர் குறும்பாகக் கேட்கவில்லை. அவர் வீட்டில் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வருகிறது. தாம் மிச்சம் பிடித்தால் தம்மைப் போன்ற யாருக்காவது அது கிடைக்குமா என்று அறிய விரும்பினார். தண்ணீரை மிச்சப்படுத்துவது சுன்னத்தைப் பேணுவது, அதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு என்று அவரிடம் சொன்னேன். அது உண்மையே. ஆயினும் அவர் கேட்டது வேறொரு கேள்வி. விரயம் செய்யாதிருப்பது ஒரு கடமை. மிஞ்சியதை இல்லாதவரிடம் கொண்டு சேர்ப்பது மற்றொரு கடமை. முதலாவதைச் செய்துவிட்டால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அது அப்படி நடப்பதில்லை என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் சான்று.

கேப் டவுன் கண்ட வறட்சி

அப்போது ஏறத்தாழ 40 லட்சம் மக்கள் வாழ்ந்த நகரம் அது. 2015 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மழை பொய்த்தது. நகருக்கு நீர் தரும் பெரிய அணைகள் ஆறும் வற்றிக்கொண்டே போயின. அணைகளின் இருப்பு 13.5 விழுக்காட்டுக்கு இறங்கினால் வீட்டுக்குழாய்கள் மூடப்படும், சுமார் 200 இடங்களில் மக்கள் வரிசையில் நின்று தலைக்கு 25 லிட்டர் பெற்றுச் செல்ல வேண்டும் என்று நகராட்சி அறிவித்தது. அந்த நாளுக்குப் 'பூஜ்ய நாள்' என்று பெயர். 2018 பிப்ரவரி 1 முதல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்ற கட்டுப்பாடு வந்தது. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழிவறைக்கு என எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 லிட்டர். எங்கள் மாணவர் குழாயைத் திறந்து செய்த உளூவின் கணக்கை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அல்ஹம்துலில்லாஹ், பூஜ்ய நாள் வரவில்லை. மக்கள் தம் பயன்பாட்டைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். எல்கின், க்ராபோவ் பகுதி விவசாயிகள் தம் அணைகளில் சேமித்திருந்த சுமார் 1000 கோடி லிட்டர் தண்ணீரை நகருக்குத் திறந்துவிட்டார்கள். ஜூன் மாதத்தில் மழையும் வந்தது. ஒரு நகரம் சிக்கனத்தால் தப்பியது என்று உலகம் இதைப் பாராட்டியது. பாராட்டத்தக்கதே.

எனினும் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்நகரின் குடிசைப் பகுதிகளில் வாழும் மக்கள் வறட்சிக்கு முன்பும் பொதுக்குழாயில் வரிசை நின்றே தண்ணீர் பிடித்தவர்கள். மற்றவர்கள் அஞ்சி நடுங்கிய அந்த நாள், இவர்களுக்கு அன்றாட வாழ்க்கையாக இருந்தது. வசதி படைத்தோர் பலர் தம் தோட்டங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டார்கள். 2023இல் 'நேச்சர் சஸ்டெயினபிலிட்டி' என்ற ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று, நகர மக்களில் சுமார் 14 விழுக்காட்டினரான செல்வரும் உயர் நடுத்தர வர்க்கத்தினரும் தண்ணீரில் 51 விழுக்காட்டைப் பயன்படுத்துவதாக மதிப்பிட்டது. 62 விழுக்காட்டினரான ஏழைகளுக்கும் குடிசைவாசிகளுக்கும் கிடைத்தது 27 விழுக்காடு. நீச்சல் குளத்துக்கும் புல்தரைக்கும் போகும் நீரும், குழந்தைக்குப் பால் கரைக்கும் நீரும் ஒரே அணையிலிருந்துதான் வருகின்றன.

அந்த வரிசையில் யார் எங்கே நிற்கிறார் என்பதை மழை தீர்மானிக்கவில்லை. நிறவெறி அரசு 1950இல் கொண்டு வந்த குழுப் பகுதிகள் சட்டம், எந்த நிறத்தவர் எங்கே வாழலாம் என்று நகரைக் கூறு போட்டது. அதில் நம் சகோதரர்களும் சிக்கினார்கள். தென்னாப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசலான அவ்வல் மஸ்ஜித் 1794இல் எழுந்த ஊர் அது. டச்சுக்காரர்கள் அடிமைகளாகவும் கைதிகளாகவும் கடல் கடத்திக் கொண்டு வந்த முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' என்ற அவர்களின் பழைய குடியிருப்பு 1966இல் வெள்ளையருக்கென அறிவிக்கப்பட்டது. வீடுகள் இடிக்கப்பட்டன, மக்கள் நகருக்கு வெளியே உள்ள மணல் சமவெளிக்குத் துரத்தப்பட்டனர். நிலத்தை விட்டு விரட்டப்படுபவன் தண்ணீரை விட்டும் விரட்டப்படுகிறான். நிறவெறிச் சட்டங்கள் ரத்தாகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் குழாய்கள் பழைய வரைபடத்தை முழுவதும் மறக்கவில்லை.

உதட்டின் உரிமை

நம் ஃபுகஹாக்கள் தண்ணீரின் மீதான உரிமைகளை வகைப்படுத்தும்போது ஒன்றுக்கு 'ஹக்குஷ் ஷஃபா' என்று பெயரிட்டார்கள். ஷஃபா என்றால் உதடு. தாகித்த மனிதரும் கால்நடையும் நீர் அருந்தும் உரிமையே உதட்டின் உரிமை. வயலுக்கு நீர் பாய்ச்சும் உரிமை 'ஹக்குஷ் ஷிர்ப்' எனப்படும். இவ்விரண்டில் உதட்டின் உரிமை முந்தியது. ஒருவருடைய சொந்த நிலத்தில் உள்ள கிணறாயினும், வேறு தண்ணீர் கிடைக்காத நிலையில் தாகித்து வந்தவரை அவர் தடுக்க முடியாது.

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்பது நபிமொழியின் கருத்து. உதுமானியப் பேரரசு 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த மஜல்லா சட்டத்தின் 1234ஆவது பிரிவு இதையே நாட்டுச் சட்டமாக ஆக்கியது. ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகத்துக்கு ஒரு நாள், அச்சமூகத்துக்கு ஒரு நாள் என்று அல்லாஹ்வே தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டான். அந்த முறையைப் பொறுக்க மாட்டாமல் ஒட்டகத்தை அறுத்த ஸமூது கூட்டத்தின் முடிவு நாம் அறிந்தது.

மதீனாவில் ஹர்ரா எனும் கல் நிலத்திலிருந்து வரும் வாய்க்கால் பற்றி ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரித் தோழருக்கும் வழக்கு வந்தது. ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம் மேட்டில் இருந்தது. நபி (ஸல்) அவர்கள், நீர் பாய்ச்சிக்கொண்டு அண்டைவீட்டாருக்கு விட்டுவிடுமாறு ஸுபைர் (ரலி) அவர்களிடம் முதலில் கூறினார்கள். எதிர் தரப்பினர் அதையும் ஏற்காமல் குறை பேசியபோதே, மேட்டில் இருப்பவருக்குரிய முழு உரிமையையும் வழங்கித் தீர்ப்பளித்தார்கள். அம்முழு உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. அதை எட்டியதும் கீழே உள்ளவருக்கு விட்டாக வேண்டும். மேலே இருப்பவருக்கு முன்னுரிமை உண்டு, ஏகபோகம் இல்லை. தென்னாப்பிரிக்க விவசாயிகள் தம் அணைகளைத் திறந்த செய்தியைப் படித்தபோது எனக்கு இந்த ஹதீஸே நினைவுக்கு வந்தது.

வழியோரத்தில் தன் தேவைக்கு மிஞ்சிய தண்ணீரை வைத்துக்கொண்டு வழிப்போக்கருக்குத் தர மறுத்தவனை மறுமை நாளில் அல்லாஹ் ஏறிட்டுப் பார்க்க மாட்டான் என்று ஹதீஸில் எச்சரிக்கை வந்துள்ளது. உன் கைகள் உருவாக்காத ஒன்றின் மிச்சத்தை நீ தடுத்தது போல இன்று என் அருளை நான் உனக்குத் தடுக்கிறேன் என்ற கருத்தில் அல்லாஹ் அவனிடம் கூறுவான். ஆழ்துளைக் கிணறு தோண்டியது நம் பணம், மோட்டார் நம்முடையது, மின்கட்டணமும் நம்முடையது. தண்ணீரை உருவாக்கியவர் நம்மில் யார்?

இங்கே நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். பாத்திரத்தில் சேகரித்த நீர் சேகரித்தவரின் உடைமை, அதை விற்கலாம் என்பதும் ஃபிக்ஹின் சட்டமே. குழாய் பதிக்கவும் சுத்திகரிக்கவும் செலவாகிறது. அதற்குக் கட்டணம் பெறுவது அநீதி ஆகாது. கட்டணம் செலுத்த இயலாதவரின் உதட்டை மூடுவதே அநீதி.

கிணறு கொடுப்போரின் கவனத்துக்கு

மதீனாவில் ரூமா என்றொரு கிணறு இருந்தது. அதன் தண்ணீர் விலைக்கு விற்கப்பட்டு வந்தது. அதை வாங்கி, மற்ற முஸ்லிம்களின் வாளிகளோடு தம் வாளியும் ஒன்றாக இருக்கும் வகையில் விட்டுவிடுபவருக்குச் சொர்க்கத்தில் அதைவிடச் சிறந்தது உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பணத்தில் வாங்கி வக்ஃப் செய்தார்கள். பயான்களில் அவர்களின் கொடைத்தன்மையைப் பேசுகிறோம். அந்த நிபந்தனையைப் பேசுவதில்லை. விலை கொடுத்து வாங்கியவருக்கு அக்கிணற்றில் முதல் வாளி இல்லை, பெரிய வாளியும் இல்லை. எல்லோரையும் போல ஒரு வாளி.

ஸஅது பின் உபாதா (ரலி) அவர்கள் மரணமடைந்த தம் தாயாருக்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று கேட்டபோது, தண்ணீர் என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். அதன் அடிப்படையில் நம் குடும்பங்கள் பல, மறைந்த பெற்றோரின் பெயரால் ஆப்பிரிக்காவிலும் வங்காளத்திலும் அடிபம்பு அமைக்கப் பணம் அனுப்புகின்றன. மாஷா அல்லாஹ், மகத்தான ஸதகத்துல் ஜாரியா. ஆனால் 'ஜாரியா' என்ற சொல்லுக்கு 'தொடர்ந்து ஓடுவது' என்று பொருள். ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளில் அமைக்கப்பட்ட அடிபம்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று எந்த நேரத்திலும் பழுதடைந்து கிடப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. வாஷர் தேய்கிறது, கம்பி முறிகிறது. பழுது பார்க்க ஆளுமில்லை, பணமுமில்லை. பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது.

வங்காளதேசத்தின் அனுபவம் இன்னும் வேதனையானது. குளத்து நீரால் வயிற்றுப்போக்கு பரவிக் குழந்தைகள் இறந்ததால், 1970களில் யுனிசெஃப்பும் அரசும் நாடெங்கும் குழாய்க் கிணறுகளை ஊக்குவித்தன. நல்லெண்ணத்தில் பிறந்த திட்டம். பல உயிர்களைக் காத்ததும் உண்மை. 1993இல்தான் அந்நிலத்தடி நீரில் ஆர்சனிக் எனும் நஞ்சு இயற்கையாகவே கலந்திருப்பது கண்டறியப்பட்டது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. ஆண்டுக்கணக்கில் குடித்தபின் தோலில் புள்ளிகளும் புற்றுநோயுமாக வெளிப்பட்டது. கோடிக்கணக்கானோர் அந்நீரைக் குடித்திருந்தனர். பின்னர் கிணறுகளைச் சோதித்து, நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். தம் வீட்டுக் கிணறு சிவப்பானால், பச்சை பூசிய அண்டைவீட்டுக் கிணற்றுக்குத்தான் செல்ல வேண்டும். அந்த அண்டைவீட்டாரின் மனமே அன்று பலருக்கு மருந்தாக இருந்தது.

ஆகவே கிணறு கொடுக்கும் அன்பர்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டுகிறேன். தண்ணீர் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டதா? பழுதானால் சரிசெய்யப் பொறுப்பாளரும் நிதியும் உண்டா? அந்த ஊரில் கடைசியில் நிற்பவருக்கும் அது எட்டும் இடத்தில் உள்ளதா? பழுதான ஒரு பம்பைச் சீர்செய்யக் கொடுக்கும் பணத்துக்குப் பலகை கிடைக்காது. கூலி குறையாது, இன்ஷா அல்லாஹ்.

பள்ளிவாசலின் வெளிச்சுவர்

கேப் டவுனையும் வங்காளத்தையும் பேசிவிட்டு எங்கள் முஹல்லாவைப் பேசாமல் இருப்பது நேர்மையாகாது. எங்கள் பள்ளிவாசலில் ஓர் ஆழ்துளைக் கிணறு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு செல்வந்தர் உளூவுக்கென வக்ஃப் செய்தது. கோடையிலும் ஹவுழ் நிரம்பியிருக்கும். பள்ளிக்குப் பின்புறத் தெருவிலோ கோடை வந்தால் குடம் 12 ரூபாய்க்கு வண்டியில் வாங்குகிறார்கள். அத்தெருவில் நம்மவரும் உள்ளனர். பிற சமயத்தவரும் உள்ளனர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிச்சுவரில் இரண்டு குழாய்கள் வைக்கலாம் என்ற யோசனை ஜமாஅத் கூட்டத்துக்கு வந்தது. எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களும் இறையச்சம் உடையவர்களே. மின்கட்டணம் கூடும், தெருவில் கூட்டமும் சண்டையும் வரும், நீர்மட்டம் இறங்கிவிடும் என்றார்கள். மிக வலுவான ஆட்சேபணை ஒரு பெரியவருடையது: வக்ஃப் செய்தவர் உளூவுக்கெனக் கொடுத்தார், அவருடைய நிபந்தனையை மீற நமக்கு உரிமை உண்டா? வக்ஃபின் நிபந்தனையை லேசாக எண்ணக் கூடாது என்பது நாங்கள் மாணவர்களுக்கே கற்பிக்கும் பாடம்.

என்னிடம் கருத்துக் கேட்டார்கள். ஹனஃபி சட்ட நூல்களில் தயம்மும் பாடத்திலேயே இதற்கு வழி உள்ளது என்று எடுத்துரைத்தேன். குடிப்பதற்கென வழியோரம் வைக்கப்பட்ட நீரில் உளூச் செய்யலாகாது. உளூவுக்கென வைக்கப்பட்ட நீரைக் குடிக்கலாம் என்பது அங்குள்ள சட்டம். மேலும், கையில் தண்ணீர் இருந்தும் அது தாகத்துக்குத் தேவைப்பட்டால் தயம்மும் செய்ய வேண்டும் என்பதில் மத்ஹபுகள் ஒன்றுபடுகின்றன. தனக்கும் தன் துணைவருக்கும் மட்டுமல்ல, கூடவரும் கால்நடையின் தாகத்துக்காகவும் உளூவைக் கைவிட்டு மண்ணை நாட வேண்டும். தன்னை வணங்குவதற்குரிய தூய்மையைவிட ஒரு பிராணியின் தாகத்தை அல்லாஹ் முன்னிறுத்தியிருக்கிறான் என்றால், பின்புறத் தெருவின் குடம் எந்த இடத்தில் நிற்கிறது என்று நாம் சிந்திக்க வேண்டும்.

கொடையாளரின் மகன் வெளிநாட்டில் இருக்கிறார். மனம் திருப்தியடைவதற்காக முத்தவல்லி அவருடன் தொலைபேசியில் பேசினார். தம் தந்தைக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று அவர் சொன்னார். குழாய்கள் வைக்கப்பட்டன. அஸருக்குப் பின் மக்ரிப் வரை திறக்கிறோம். வீட்டுக்கு நான்கு குடம். மதம் கேட்பதில்லை. முதல் வாரம் முந்துவதில் சண்டை வந்தது. முதியோரும் கர்ப்பிணிகளும் முதலில் என்று மோதினார் ஒரு முறை வகுத்தார். உள்ளே ஹவுழின் குழாய்களை மெலிதாக ஓடும்படி மாற்றியபின் உளூவின் செலவு வெகுவாகக் குறைந்தது. வகுப்பில் கேள்வி கேட்ட மாணவருக்கு அப்போது என்னால் பதில் சொல்ல முடிந்தது: இந்தப் பள்ளியில் நீ மிச்சம் பிடிப்பது சுவருக்கு அப்பால் போகிறது.

இக்கோடையில் நீர்மட்டம் இறங்கியுள்ளது. மோட்டார் சில நாட்கள் காற்றை இழுக்கிறது. வெளிக்குழாய்களை மூடிவிட்டு உளூவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் கூடவுள்ளது. நான் சொல்லவிருப்பது இதுவே: முதலில் ஹவுழை மூடுவோம். வீட்டிலேயே உளூச் செய்து வருவோம். வர இயலாதவருக்கு ஒரு சிறு பாத்திரம் அளந்து கொடுப்போம். அதுவும் போதாவிட்டால் நாம்குடத்தைக் குறைப்போம், நான்கை இரண்டாக்குவோம். குழாயை மூடுவது கடைசியிலும் கடைசி. மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் குழியைப் பள்ளியின் வளாகத்தில் இந்த ஆண்டாவது தோண்டியாக வேண்டும். இத்தனை பெரிய மாடியில் விழும் மழையைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டுத் தண்ணீரைக் குறை கூறலாகாது.

உங்கள் முஹல்லாவிலும் இத்தகைய ஒரு சுவர் இருக்கக் கூடும். உங்கள் வீட்டுக்கே ஓர் ஆழ்துளைக் கிணறு இருந்து, எதிர்வீட்டில் இல்லாமலும் இருக்கலாம். உலகின் 220 கோடிப் பேருக்கும் நம்மால் தண்ணீர் கொடுக்க இயலாது. அல்லாஹ் அதை நம்மிடம் கேட்கப் போவதுமில்லை. நம் கிணற்றின் அருகே யார் ஒதுங்கி நிற்கிறார் என்று பார்த்தாயா என அவன் கேட்கக் கூடும்.

யா அல்லாஹ்! எங்கள் நிலத்தடி நீரை நீ வற்றச் செய்துவிட்டால் ஊற்று நீரைக் கொண்டு வருபவர் உன்னையன்றி யாருமில்லை. பயனுள்ள மழையை எங்களுக்கு இறக்கித் தருவாயாக! உள்ளதைப் பங்கிட்டுக் குடிக்கும் மனத்தை எங்களுக்குத் தருவாயாக! தாகத்தோடு வரிசையில் நிற்கும் உன் அடியார்கள் அனைவரின் துன்பத்தையும் நீக்குவாயாக! ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.

வஸ்ஸலாம்.